இன்ட்ரஸ்ட் என்றால் வட்டிதானே, அண்ணே?

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஒரு ஞாயிறு காலை. எதிரே உட்கார்ந்திருந்த தம்பி ஈசூனில் ஒரு தோசைக் கடை திறக்கப்போகிறார். சொந்தப் பெயரில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சைவ உணவக பிராண்டின் ஃபிரான்சைஸ், அதாவது அந்தப் பெயரையும் முறையையும் பணம் கட்டி எடுத்து நடத்தும் உரிமம். அறுபத்துச் சொச்சம் பக்க ஒப்பந்தத்தை, தேநீர் சிந்தாத தூரத்தில் வைத்து என் பக்கம் திருப்பினார். முன்பணம், ராயல்டி, விளம்பர நிதி, கடை அலங்காரச் செலவு என்று பணம் வருகிற இடமெல்லாம் மஞ்சள் மை பூசியிருந்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் மட்டும் ஒரு கோடுகூட இல்லை.

"இத ஏன் விட்டுட்டீங்க தம்பி?"

"அது போட்டிக் கடை போடக்கூடாதுங்கறது அண்ணே. நான் எங்க போட்டி போடப்போறேன்? அப்புறம் இன்ட்ரஸ்ட் பத்தி என்னமோ இருக்கு. இன்ட்ரஸ்ட்னா வட்டிதானே? நான் யார்கிட்டயும் வட்டிக்கு வாங்கலையே."

நான் வழக்கறிஞர் இல்லை. சிறு நிறுவனங்களுக்குக் கணக்கும் செயலாளர் வேலையும் பார்க்கிறவன். ஆனால் இந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நாற்பத்தோராம் பக்கத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: ஒப்பந்தக் காலத்தில் எந்த இடத்திலும், அது முடிந்து இரண்டு ஆண்டுகள் வரை கடையிலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள்ளும், உரிமம் பெற்றவர் நேரடியாகவோ மறைமுகமாகவோ, உரிமையாளராக, கூட்டாளியாக, பங்குதாரராக, இயக்குநராக, கடன் கொடுத்தவராக, ஆலோசகராக அல்லது வேறு எந்த விதத்திலும், போட்டித் தொழில் எதிலும் இன்ட்ரஸ்ட் வைத்திருக்கக் கூடாது.

இங்கே இன்ட்ரஸ்ட் என்பது வட்டி இல்லை, ஆர்வமும் இல்லை. பாத்தியதை. ஒரு தொழிலில் உங்கள் பணமோ பெயரோ லாபமோ எந்த வழியில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது பாத்தியதை. தம்பிக்கு ஜூரோங்கில் மச்சான் நடத்தும் காப்பிக்கடை உணவுக்கடையில் 20 விழுக்காடு பங்கு இருக்கிறது. அங்கே என்ன விற்கிறார்கள் என்று கேட்டேன். "பரோட்டா, தோசை, சாப்பாடு" என்றார். சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது.

ஃபிரான்சைஸ் எடுப்பவர்களில் பெரும்பாலோர் போட்டித் தடை என்றதும் இரண்டு எண்களைத்தான் தேடுகிறார்கள்: எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர். இரண்டுமே முக்கியம்தான். ஆனால் நம் குடும்பங்களில் பணம் ஓடுகிற விதத்தைப் பார்த்தால், அதிகம் பேரைப் பிடிக்கக்கூடியது மூன்றாவது பகுதி, அதாவது இந்தப் பாத்தியதைச் சொல். அண்ணன் கடைக்குத் தம்பி முதல் போடுவார், மனைவி பெயரில் ஒரு நிறுவனம் இருக்கும், பழைய முதலாளிக்கு ஒரு கைமாற்று நிலுவையில் நிற்கும். இவை எல்லாமே அந்த ஒரு வரிக்குள் வந்துவிடலாம்.

மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் உண்டு. 1998ஆம் ஆண்டு ஃபிரான்சைஸ் சட்டம் பிராண்டுக்காரர் முதலில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் குறைந்தது 5 ஆண்டு என்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால் விலகிக்கொள்ளக் குறைந்தது 7 வேலை நாள் தருகிறது. போட்டித் தடையையும் அந்தச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது: ஒப்பந்தக் காலம் முழுக்க, அதற்குப் பின் 2 ஆண்டு. பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அப்படி எதுவும் இல்லை. சிங்கப்பூரில் ஃபிரான்சைஸுக்கென்று சட்டம் கிடையாது. உரிம வணிகச் சங்கம் ஒன்று இருக்கிறது, அதன் உறுப்பினர்களுக்கு ஒரு நெறிமுறையும் இருக்கிறது. ஆனால் உறுப்பினராக இல்லாத பிராண்டை அது கட்டுப்படுத்தாது. போட்டிச் சட்டத்திடம் போகலாமா என்றால், 2004ஆம் ஆண்டு போட்டிச் சட்டம், மேலிருந்து கீழே செல்லும் வணிக ஒப்பந்தங்களை அதன் 34ஆவது பிரிவின் தடையிலிருந்து பொதுவாக விலக்கி வைத்திருக்கிறது. பிராண்டுக்கும் கடைக்காரருக்கும் இடையிலானது அந்த வகைதான்.

சரி, அப்படியென்றால் கையெழுத்துப் போட்டவன் கதி அவ்வளவுதானா? இல்லை. நீதிமன்றங்கள் காலங்காலமாக வளர்த்துவந்த பொதுச் சட்டம் இருக்கிறது, அது கொஞ்சம் நம் பக்கம் சாய்ந்தே நிற்கிறது.

அதன் வேர் ஒரு பீரங்கி வியாபாரியிடம் இருக்கிறது. தோர்ஸ்டென் நார்டென்ஃபெல்ட் என்ற சுவீடன்காரர் தம் ஆயுத உற்பத்தித் தொழிலை 2,87,500 பவுனுக்கு விற்றார். பின்னர் 25 ஆண்டுகளுக்கு உலகத்தில் எங்கேயுமே அந்தத் தொழிலில் போட்டியாக இறங்குவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அப்புறம் இறங்கினார். வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் சபை வரை போய் 1894இல் தீர்ப்பானது. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் எடுத்த எடுப்பில் செல்லாது. நியாயமானது என்று காட்டினால் மட்டும் செல்லும். ஆயுதம் வாங்குவது உலகத்து அரசாங்கங்கள், தொழிலை விற்று முழு விலையும் வாங்கியாகிவிட்டது என்பதால் அவர் விஷயத்தில் உலகம் முழுவதுமே நியாயமான எல்லை என்றார்கள்.

அந்தக் கொள்கைதான் இன்றும் இங்கே நடைமுறை. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் மேன் ஃபைனான்ஷியல் வழக்கில் அதை வரிசைப்படுத்திச் சொன்னது. தடை போடுகிறவருக்குக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நியாயமான வணிக நலன் ஒன்று இருக்க வேண்டும். தடை இரு தரப்புக்கும் நியாயமாக இருக்க வேண்டும். பொது நலனுக்கும் நியாயமாக இருக்க வேண்டும். வெறுமனே "எனக்குப் போட்டி வேண்டாம்" என்பது காப்பாற்றத் தகுந்த நலனாகாது.

இந்தச் சோதனையின் கடுமை ஆளைப் பொறுத்து மாறும். சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் மேல் போட்ட தடையை நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். தொழிலை விற்றுக் காசு வாங்கியவர் மேல் போட்ட தடையைச் சற்று இளகிய மனத்தோடு பார்க்கும். விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது நியாயம்தானே. இரண்டுக்கும் இங்கேயே உதாரணம் உண்டு. தம் அழகியல் மருத்துவத் தொழிலை விற்ற மருத்துவர் மேலிருந்த தடை செல்லும் என்று 2010இல் கிளாஸ் மருத்துவ நிலைய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஒரு பல் மருத்துவக் குழுமத்திலிருந்து விலகித் தனியாகப் பல் மருத்துவ நிலையம் திறந்த பல் மருத்துவர் மேலிருந்த தடையை 2012இல் அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. முக்கியக் குறை, தடைக்குக் கால வரம்பே இல்லாதது. நியாயமான ஒரு காலத்தை நீதிமன்றமே சேர்த்துப் படித்துக்கொள்ளலாம் என்ற வாதம் எடுபடவில்லை.

ஃபிரான்சைஸ்காரர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அவர் சம்பளக்காரர் இல்லை, சொந்தப் பணம் போட்டவர். அதே நேரம் எதையும் விற்கவில்லை. சொல்லப்போனால் பிராண்டின் நற்பெயரை மாத வாடகைக்கு எடுத்தவர். ஒப்பந்தம் முடிந்ததும் அந்த நற்பெயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர். பெரிய கேள்வியே இங்குதான் இருக்கிறது: கடைக்கு வருகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்து வருகிறார்களா, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பார்த்து வருகிறார்களா?

இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. அவை நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் இங்குள்ள நீதிபதிகள் எடுத்துப் பார்ப்பார்கள். 1980களில் நகல் அச்சுக்கடை ஃபிரான்சைஸ் ஒன்றின் வழக்கில் தடை செல்லும் என்றார்கள். தொழிலைக் கற்றுக்கொண்டு, பலகையை மட்டும் கழற்றிவிட்டு அதே இடத்தில் கடை நடத்தலாம் என்றால் பிறகு யார்தான் ஃபிரான்சைஸ் கொடுப்பார்கள் என்பது அதன் சாரம். பிராண்டுக்காரர் பக்கம் நின்று பார்த்தால் அது சரியான கவலை. சட்னிப் பொடியின் விகிதம், மாவு அரைக்கும் முறை, யாரிடம் என்ன விலைக்கு வாங்குவது என்று எல்லாவற்றையும் கையைப் பிடித்துச் சொல்லித்தந்தவர் அவர்.

2022இல் கதை மாறியது. டிரெயின் டாக்டர் என்ற சாக்கடை, குழாய் அடைப்பு நீக்கும் பிராண்டு. கார்டிஃப் பகுதியை ஒருவர் எடுத்து நடத்தினார், பிறகு ஒப்பந்தம் முறிந்தது. தடை அந்தப் பகுதியில் ஓர் ஆண்டுதான். இருந்தும் அது செல்லாது என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. சிறு ஆள், வணிகத்துக்குப் புதியவர். ஒப்பந்தம் பேரம் பேசி எழுதியதில்லை, எடுத்தால் எடு விட்டால் விடு என்று நீட்டியது. அவர் வருவதற்கு முன் அந்தப் பகுதியில் பிராண்டுக்குச் சொல்லிக்கொள்ளும்படி நற்பெயரே இல்லை. தடை விழுந்தால் பிழைப்புக்கு வழியில்லை. ஓர் ஆண்டு என்ற சின்ன எண் பிராண்டைக் காப்பாற்றவில்லை. நம் ஈசூன் தம்பிக்கு இது தெரிந்திருக்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் இதையே நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. பத்துக் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவருக்கு இதே இரக்கம் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கிலோமீட்டர் விஷயத்துக்கு வருவோம். நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது எட்டு கிலோமீட்டர். ஏன் எட்டு என்று யோசித்தால், அது ஐந்து மைல். பெரிய நாடு ஒன்றில் எழுதிய மாதிரியை எடுத்து மைலைக் கிலோமீட்டராக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். அந்த ஊரில் ஐந்து மைல் என்றால் அடுத்த கடைத்தொகுதி. இங்கே? எட்டு கிலோமீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் பரப்பு சுமார் 200 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரே மொத்தம் 735 சதுர கிலோமீட்டருக்கு அருகில்தான். தேக்காவை நடுவில் வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் தோ பாயோ, பீஷான், அங் மோ கியோ, சிராங்கூன், பாய லேபார், மரின் பரேட், குவீன்ஸ்டவுன் அத்தனையும் உள்ளே விழும். தெற்கே மிச்சம் கடலில் போய்விடும். இது ஒரு கடைக்கு. சில ஒப்பந்தங்களில் "பிராண்டின் எந்தக் கடையிலிருந்தும்" என்று இருக்கும். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று இருந்தால் முடிந்தது, தீவில் இட்லிப் பானை வைக்க இடமில்லை.

அதிகமாகக் கேட்டால் நீதிமன்றம் குறைத்துக் கொடுத்துவிடும் என்று பிராண்டுகள் நினைப்பதுண்டு. பொதுவாக அப்படி நடப்பதில்லை. ஒரு சொல்லை நீலப் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சம் அப்படியே பொருள் தந்தால் அடிப்பார்கள். எட்டை இரண்டாக மாற்றி எழுதித் தர மாட்டார்கள். அதனால்தான் புத்திசாலி வழக்கறிஞர்கள் 24 மாதம், 12 மாதம், 6 மாதம் என்று படிக்கட்டு மாதிரி அடுக்கி, மேல்படி உடைந்தால் கீழ்படி நிற்கட்டும் என்று எழுதுகிறார்கள். அப்படி ஒன்றைப் பார்த்தால், மேல்படியின் மேல் எழுதியவருக்கே நம்பிக்கை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பாத்தியதைக்குத் திரும்புகிறேன், பணம் மாட்டுகிற இடம் அதுதான்.

முதலில் பங்குச்சந்தை. சேமிப்புப் பணத்தில் நாலு பங்கு வாங்கிப் போட்டிருப்பவர்கள் நம்மில் நிறைய. ஓல்ட் சாங் கீ, கிம்லி போன்ற உணவு நிறுவனங்கள் இங்கே சந்தையில் பட்டியலிடப்பட்டவை. "போட்டித் தொழில்" என்பதை "உணவு, பானம் விற்கும் எந்தத் தொழிலும்" என்று அகலமாக எழுதியிருந்தால், அதில் ஆயிரம் பங்கு வைத்திருப்பவர்கூட எழுத்துப்படி ஒப்பந்தத்தை மீறியவராகிறார். இதற்காகவே சரியாக எழுதிய ஒப்பந்தங்களில் ஒரு விலக்கு வரும்: பட்டியலிட்ட நிறுவனத்தில், நிர்வாகத்தில் தலையிடாமல், முதலீடாக மட்டும் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக வைத்திருக்கலாம். சில இடங்களில் 1 விழுக்காடு, சில இடங்களில் 3. ஐந்து என்ற எண் இந்த ஊரில் பொருந்தி வருகிறது. பட்டியலிட்ட நிறுவனத்தின் வாக்குரிமைப் பங்குகளில் 5 விழுக்காட்டைத் தொட்டால் சிங்கப்பூர்ச் சட்டப்படி நீங்கள் கணிசமான பங்குதாரர், அறிவிக்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர் சும்மா இருப்பவர் என்று எடுத்துக்கொள்ளலாம். தம்பியின் ஒப்பந்தத்தில் இந்த விலக்கே இல்லை.

பட்டியலிடாத குடும்ப நிறுவனத்துக்கு அந்த விலக்கு உதவாது. அங்கே 20 விழுக்காடு என்பது 20 விழுக்காடுதான். ஒப்பந்தக் காலத்திலேயே அது வெளிச்சத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். முடிந்த பிறகான தடையைச் சந்தேகத்தோடு பார்க்கும் நீதிமன்றமே, நடந்துகொண்டிருக்கும்போது எதிர்க்கடையில் கால் வைக்கக் கூடாது என்பதை எளிதில் நியாயம் என்று சொல்லும். அன்றைய சமையல் குறிப்பும் கொள்முதல் விலையும் உங்கள் கையில் இருக்கிறதே. மீறல் என்று காட்டி ஒப்பந்தத்தை முறித்தால் முன்பணமும் அலங்காரச் செலவும் போனது போனதுதான்.

வெளிச்சத்துக்கு எப்படி வரும் என்று கேட்கிறவர்கள் உண்டு. நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் சில வெள்ளி கட்டினால் எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் யார் இயக்குநர், யார் பங்குதாரர், எத்தனை பங்கு என்ற விவரம் கைக்கு வந்துவிடும். பிராண்டுக்காரரின் வழக்கறிஞர் அதைத் தேநீர் ஆறுவதற்குள் எடுத்துவிடுவார்.

அப்படியானால் மனைவி பெயரில் போட்டுவிடலாமே? இந்த யோசனைக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. கில்ஃபர்ட் மோட்டார் என்ற ஆங்கில நிறுவனத்தில் நிர்வாக இயக்குநராக இருந்த ஹார்ன் என்பவர், விலகிய பிறகு அதன் வாடிக்கையாளர்களை இழுப்பதில்லை என்று கையெழுத்திட்டிருந்தார். வெளியே வந்ததும் ஒரு கம்பெனி தொடங்கினார். பங்குகள் மனைவி பெயரிலும் இன்னொருவர் பெயரிலும். அவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. இது வெறும் முகமூடி என்று 1933இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கும் கம்பெனிக்கும் சேர்த்தே தடை போட்டது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மனைவி உண்மையிலேயே தன் பணத்தில், தன் உழைப்பில் நடத்தும் கடை என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத அவரை அது பொதுவாகக் கட்டாது. இது பிராண்டுகளுக்கும் தெரியும். அதனால்தான் கையெழுத்திடுவது கம்பெனியாக இருந்தாலும், இயக்குநர், பங்குதாரர், சில சமயம் அவர்களின் துணைவர் என்று ஒவ்வொருவரிடமும் தனியாக உறுதிமொழி வாங்குகிறார்கள். "சும்மா ஒரு ஃபார்ம்தான்" என்று அண்ணிமார்களிடம் நீட்டப்படும் காகிதம் பெரும்பாலும் அதுதான்.

எதிர்த்திசையிலும் ஒரு கதவு உண்டு. தம்பியின் புதுக் கம்பெனியில் மச்சானுக்கும் 30 விழுக்காடு கொடுப்பதாகப் பேச்சு. பங்கு கைமாறினால் பிராண்டின் முன் அனுமதி வேண்டும் என்று வேறொரு பக்கத்தில் இருந்தது. மச்சான் உள்ளே வந்தால், அவருடைய ஜூரோங் கடையும் அவரோடு சேர்ந்தே உள்ளே வருகிறது.

மீறினால் இவ்வளவு கட்டு என்று தொகை எழுதியிருந்தால்? சிங்கப்பூர் இங்கே இங்கிலாந்தோடு பிரிந்து நிற்கிறது. அங்கே இப்போது வணிக நலனைப் பார்த்துக் கொஞ்சம் தாராளமாக அனுமதிக்கிறார்கள். இங்கே 2020இல் டென்கா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய அளவுகோலையே பிடித்துக்கொண்டது: தொகை, வரக்கூடிய நட்டத்தின் நேர்மையான முன்மதிப்பீடாக இருக்க வேண்டும், மிரட்டலாக இருந்தால் செல்லாது. கடைக்காரருக்கு இது நல்ல செய்தி. கெட்ட செய்தி, முதல் அடி தொகையில் விழுவதில்லை. வழக்கு முடியும்வரை கடையை மூடு என்று இடைக்காலத் தடை கேட்பார்கள். அது கிடைத்துவிட்டால், வாடகை ஓடிக்கொண்டிருக்கும் கடையை இருட்டில் வைத்துக்கொண்டு நியாயத்துக்குக் காத்திருக்க எத்தனை பேரால் முடியும்? தடை செல்லாது என்று கடைசியில் தீர்ப்பு வரலாம். அதற்குள் மாவு புளித்துப்போயிருக்கும்.

அன்று தம்பிக்கு நான் சொன்னது, வழக்கறிஞர் ஒருவரிடம் போங்கள், மறைக்காமல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள் என்பதுதான். ஜூரோங் கடைப் பங்கைத் தனி இணைப்பில் பெயரோடும் விழுக்காட்டோடும் அறிவித்து விலக்குக் கேட்பது, பட்டியலிட்ட பங்குகளுக்கு 5 விழுக்காடு, போட்டித் தொழில் என்பதை உணவு முழுவதும் என்று விடாமல் தென்னிந்திய சைவ உணவகம் என்று சுருக்குவது, வட்டத்தைச் சின்னதாக்குவது. பிராண்டுகள் வெளியில் காட்டிக்கொள்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே விட்டுக்கொடுக்கும், கையெழுத்துக்கு முன்பு கேட்டால்.

மூன்று வாரம் கழித்து அதே மேசை. திருத்திய பிரதியைக் கொண்டுவந்திருந்தார். இணைப்பில் மச்சான் கடை பெயர் ஏறியிருந்தது, 20 விழுக்காட்டுக்கு மேல் கூட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. எட்டு கிலோமீட்டர் இரண்டாகியிருந்தது, அதுவும் ஈசூன் கடையிலிருந்து மட்டும். பட்டியலிட்ட பங்குகளுக்கான விலக்கு வந்திருந்தது. ஒன்றே ஒன்றை மட்டும் அவர்கள் அசைக்கவில்லை. "கடன் கொடுத்தவராக" என்ற சொல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அப்ப மச்சான் கடைக்குன்னு அடுத்த மாசத்துக்குக் கேட்ட பத்தாயிரம்?" என்றார்.

"கொடுத்தா, அந்தக் கடையில உங்களுக்குக் கூடுதலா ஒரு பாத்தியதை வந்துடும் தம்பி. வட்டி வாங்கினாலும் வாங்காட்டியும். எழுதி அனுமதி கேக்கணும்."

அன்றைக்கு அவர் கேட்டது அப்படியொன்றும் தப்பான கேள்வி இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி அந்த வரியை இன்னொரு முறை படித்தார். அப்புறம் மஞ்சள் பேனாவை எடுத்து, முதன்முறையாக நாற்பத்தோராம் பக்கத்தில் கோடு போட்டார்.

"வேணாம் அண்ணே, அனுமதியெல்லாம் கேக்க வேணாம். ஒப்பந்தத்துல கூடாதுன்னு போட்டிருக்குன்னு மச்சான்கிட்ட சொல்லிடறேன்."